அமெரிக்காவோடு கசந்த பிறகும் ஐரோப்பா ஏன் சீனாவோடு சேரவில்லை?

கேள்வி இதுதான்: டிரம்ப் ஐரோப்பியப் பொருள்கள் மேல் வரி போடுகிறார், நேட்டோ பற்றிச் சந்தேகம் கிளப்புகிறார், கிரீன்லாந்தைக் கேட்கிறார். இவ்வளவுக்குப் பிறகும் ஐரோப்பிய ஒன்றியம் சீனாவோடு நெருங்காமல் இருப்பது ஏன்? இரண்டு பேருக்கும் ஒரே இடத்திலிருந்து அடி விழும்போது கைகோர்ப்பதுதானே இயல்பு?

கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் பலரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். அந்த ஆண்டு மே 6ஆம் தேதியோடு இரு தரப்புத் தூதரக உறவுக்கு 50 ஆண்டு நிறைந்தது. அதற்குச் சற்று முன்பு, ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் மேல் 2021இல் போட்டிருந்த தடைகளைச் சீனா நீக்கியது. ஆனால் ஜூலை 24 அன்று பீஜிங்கில் நடந்த உச்சி மாநாடு, இரண்டு நாள் என்று திட்டமிட்டது ஒரே நாளில் முடிந்துபோனது. பருவநிலை மாற்றம் பற்றிய ஒரு கூட்டறிக்கையைத் தவிர உருப்படியாக எதுவும் வரவில்லை. அப்புறம் மூன்றே நாளில், ஜூலை 27 அன்று, ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லேயன் ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில் டிரம்புக்கு எதிரே உட்கார்ந்து 15 சதவீத வரிக்கு ஒப்புக்கொண்டார். பீஜிங்கோடு சமரசம் இல்லை, வாஷிங்டனிடம் விட்டுக்கொடுத்தல். நான்கு நாளுக்குள் இரண்டும் நடந்தன.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பா–சீனா உறவு ஒருநாளும் இரண்டு தரப்பு மட்டும் பேசி முடிக்கிற உறவாக இருந்ததில்லை. மூன்றாவது ஒரு தலைநகரத்தை மனதில் வைத்துத்தான் இருவரும் நகர்ந்திருக்கிறார்கள். முன்பு அது மாஸ்கோ. பிறகு வாஷிங்டன். இன்று இரண்டும் ஒரே நேரத்தில். வாஷிங்டன் ஐரோப்பாவைச் சீனா பக்கம் தள்ளுகிறது என்பது உண்மைதான். ஆனால் போகிற வழியில் மாஸ்கோ குறுக்கே நிற்கிறது.

1964 ஜனவரியில் பிரான்ஸ் அதிபர் டி கால் மக்கள் சீனத்தை அங்கீகரித்தார். பிரிட்டன் 1950லேயே அங்கீகரித்திருந்தது, ஆனால் அதன் கணக்கில் ஹாங்காங்கும் வணிகமும் இருந்தன. டி காலின் கணக்கு அமெரிக்காவைப் பற்றியது. வாஷிங்டனின் அனுமதி இல்லாமலே பிரான்ஸ் ஒரு பெரிய முடிவை எடுக்கும் என்று காட்ட அவர் விரும்பினார். 1975இல் ஐரோப்பியச் சமூகமே சீனாவோடு உறவு தொடங்கியபோது கணக்கு மாஸ்கோவைச் சுற்றி இருந்தது. 1969இல் உசூரி ஆற்றங்கரையில் சோவியத், சீனப் படைகள் மோதிக்கொண்ட பிறகு, சோவியத்தின் மேற்கு எல்லையில் பலமான, ஒன்றுபட்ட ஐரோப்பா இருப்பது மாவோவுக்குத் தேவைப்பட்டது. ஐரோப்பிய ஆணையத்தின் துணைத் தலைவர் கிறிஸ்டோபர் சோம்ஸ் பீஜிங் போய்ப் பேசி முடித்தார். சோவியத் ஒன்றியம் ஐரோப்பியச் சமூகத்தோடு முறைப்படி உறவு வைத்துக்கொள்ள 1988 வரை ஆனது; சீனா 13 ஆண்டு முந்திக்கொண்டது. இன்று ஐரோப்பாவைப் பிரித்தாளப் பார்க்கிறது என்று குற்றம் சாட்டப்படும் பீஜிங், அன்று ஐரோப்பிய ஒற்றுமைக்கு உரக்கக் குரல் கொடுத்த தலைநகரம். இதை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

1989 ஜூனில் தியானன்மென் படுகொலைக்குப் பிறகு ஐரோப்பா ஆயுத விற்பனைத் தடை போட்டது. அந்தத் தடை இன்றும் இருக்கிறது. 2003 இறுதியில் சீனா கேட்டுக்கொண்டதன் பேரில் பிரான்சின் சிராக்கும் ஜெர்மனியின் ஷ்ரோடரும் அதை நீக்க முயன்றார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் கொதித்தது. 2005 மார்ச்சில் தைவான் பிரிந்தால் படைபலம் பயன்படுத்தலாம் என்று சீனாவே ஒரு சட்டம் இயற்ற, அந்த முயற்சி அத்தோடு படுத்துவிட்டது. வாஷிங்டனின் அழுத்தம் பாதி, பீஜிங்கின் சொந்தச் செயல் பாதி. இந்தச் சேர்க்கை பின்னாலும் திரும்பத் திரும்ப வருகிறது.

இதற்கிடையே வணிகம் மட்டும் தன் போக்கில் வளர்ந்தது. ஃபோக்ஸ்வேகன் 1984லேயே ஷாங்காயில் கூட்டு நிறுவனம் தொடங்கிவிட்டது. மெர்கெல் ஜெர்மனியின் சான்சலராக இருந்த 16 ஆண்டுகளில் 12 முறை சீனா போனார். ஜெர்மன் எந்திரங்களும் கார்களும் இல்லாமல் சீனாவின் தொழில்வளர்ச்சி அந்த வேகத்தில் நடந்திருக்காது. சீனச் சந்தை இல்லாமல் ஜெர்மன் கார் நிறுவனங்கள் அவ்வளவு லாபம் பார்த்திருக்காது.

இனி இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் கட்டம். 2020 டிசம்பர் 30. ஏழு ஆண்டு இழுத்த முதலீட்டு ஒப்பந்தப் பேச்சு முடிந்ததாக ஐரோப்பிய ஒன்றியமும் சீனாவும் அறிவித்தன. பைடன் தேர்தலில் ஜெயித்துவிட்டார், பதவியேற்க மூன்று வாரம் இருந்தது. அவசரப்பட வேண்டாம், முதலில் எங்களோடு பேசுங்கள் என்று அவருடைய பாதுகாப்பு ஆலோசகராக வரவிருந்த ஜேக் சல்லிவன் வெளிப்படையாகவே குறிப்பு காட்டியிருந்தார். மெர்கெல் கேட்கவில்லை. ஷி ஜின்பிங்கும் அதுவரை கொடுக்க மறுத்த சில சலுகைகளைக் கடைசி நேரத்தில் கொடுத்தார். அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒன்றுசேர்வதற்கு முன்பு ஐரோப்பாவைத் தனியாகப் பிடித்து வைப்பதுதான் நோக்கம். ராஜதந்திரமாகப் பார்த்தால் சீனாவுக்கு அது பெரிய வெற்றி.

அந்த வெற்றியை மூன்றே மாதத்தில் சீனா தானே கைநழுவ விட்டது. 2021 மார்ச் 22 அன்று, ஷின்ஜியாங்கில் உய்குர் மக்களை நடத்தும் விதத்துக்காக ஐரோப்பா நான்கு சீன அதிகாரிகள் மேலும் ஓர் அமைப்பின் மேலும் தடை போட்டது. 1989க்குப் பிறகு இப்படி ஒரு தடை அதுதான் முதல். பெயர்களைப் பார்த்தால் அது மிதமான நடவடிக்கை. ஷின்ஜியாங்கின் உச்சத் தலைவர் அந்தப் பட்டியலில் இல்லை. சீனா சில மணி நேரத்துக்குள் பத்துப் பேர் மேலும் நான்கு அமைப்புகள் மேலும் பதில் தடை போட்டது. அந்தப் பத்துப் பேரில் ஐந்து பேர் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள். முதலீட்டு ஒப்பந்தம் செயலுக்கு வர வேண்டுமானால் யாருடைய சம்மதம் வேண்டுமோ அந்த நாடாளுமன்றத்தின் மேலேயே கை வைத்தார்கள். மே 20 அன்று நாடாளுமன்றம் ஒப்பந்தத்தை உறையவைத்தது: ஆதரவாக 599 வாக்கு, எதிராக 30. ஒப்பந்தம் இன்றுவரை எழவில்லை.

இதைக் கோபத்தில் செய்த தவறு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. உள்நாட்டில் பலவீனமாகத் தெரியக் கூடாது என்ற எண்ணம், வெளியுறவில் கிடைத்த லாபத்தை விழுங்கிவிட்டது. அதே ஆண்டு லித்துவேனியாவிலும் இதைப் பார்த்தோம். தலைநகர் வில்னியஸில் ‘தைவான்’ என்ற பெயரோடு பிரதிநிதி அலுவலகம் திறக்க அனுமதித்ததற்காக, 30 லட்சம் பேர்கூட இல்லாத அந்த நாட்டின் சரக்குகள் சீனச் சுங்கத்தில் நின்றன. லித்துவேனிய உதிரிபாகம் இருக்கிற ஜெர்மன் பொருள்களுக்கும் சிக்கல் வந்தது. சிறிய நாட்டை மிரட்டினால் பெரிய நாடுகள் ஒதுங்கிக்கொள்ளும் என்பது கணக்கு. அதன் விளைவாக ஐரோப்பா, பொருளாதார மிரட்டலை எதிர்க்கும் தனிச் சட்டமே இயற்றியது. 2023 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது.

சரி, மாஸ்கோவுக்கு வருவோம். 2022 பிப்ரவரி 4 அன்று பீஜிங் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய நாளில், எல்லையற்ற நட்பு என்று ஷியும் புதினும் கூட்டறிக்கை விட்டார்கள். இருபதாவது நாள் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. அதன் பிறகு சீனா ரஷ்யாவைக் கண்டிக்கவில்லை. போரால் மேற்கத்தியச் சந்தையை இழந்த ரஷ்யா சீனாவை நம்பியது. 2023இல் இரு நாட்டு வர்த்தகம் சுமார் 24,000 கோடி டாலரைத் தொட்டது. நேரடியாக ஆயுதம் கொடுக்கவில்லை என்று பீஜிங் சொல்கிறது. ஆனால் எந்திரங்கள், மின்னணுப் பாகங்கள், ட்ரோன் உதிரிபாகங்கள் என்று இராணுவத்துக்கும் சிவில் பயன்பாட்டுக்கும் உதவும் பொருள்கள் போய்க்கொண்டிருக்கின்றன. 2024 வாஷிங்டன் மாநாட்டில், போர் தொடர்வதற்குச் சீனாவின் உதவி தீர்மானிக்கும் அளவுக்குப் பெரியது என்று நேட்டோவே அறிக்கை விட்டது.

அமெரிக்காவிலிருந்து பார்த்தால் சீனா ஒரு போட்டியாளர். போலந்திலிருந்தோ எஸ்டோனியாவிலிருந்தோ பார்த்தால், தங்கள் வாசலில் நடக்கும் போரை நடத்துகிறவனுக்குப் பொருள் கொடுக்கிற நாடு. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். அமெரிக்கா எவ்வளவு வரி போட்டாலும், ரஷ்யா படையோடு வரும்போது உதவிக்கு அழைக்க ஐரோப்பாவிடம் இருக்கிற எண் வாஷிங்டனுடையதுதான். டர்ன்பெரியில் 15 சதவீதத்துக்கு வான் டெர் லேயன் தலையாட்டியதற்குப் பின்னால் வணிகக் கணக்கைவிட இந்தப் பயம்தான் பெரிது என்று நினைக்கிறேன்.

சீனா ரஷ்யாவை விட்டுக்கொடுக்குமா? மாட்டாது. 4,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட எல்லை, எண்ணெய், எரிவாயு, ஐ.நா. பாதுகாப்பு அவையில் கூட ஒரு வீட்டோ. ரஷ்யா தோற்றால் அமெரிக்காவின் முழுக் கவனமும் தன் மேல் திரும்பும் என்று பீஜிங் கருதுகிறது. 2025 ஜூலையில் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யி, ஐரோப்பிய வெளியுறவுத் தலைவர் காயா கல்லாஸிடம் ஏறக்குறைய இதையே சொன்னதாகச் செய்தி வந்தது. ஐரோப்பாவின் நட்புக்காகச் சீனா அந்த விலையைக் கொடுக்காது.

அடுத்தது காசு. 2024இல் சீனாவோடு ஐரோப்பிய ஒன்றியத்தின் சரக்கு வர்த்தகப் பற்றாக்குறை 30,000 கோடி யூரோவைத் தாண்டியது. முன்பு சீனா செருப்பும் துணியும் பொம்மையும் அனுப்பியது, ஐரோப்பா எந்திரமும் காரும் அனுப்பியது. இன்று சீனா அனுப்புவது ஐரோப்பா தன் உயிர்நாடி என்று நினைக்கும் பொருள்களை: மின்சாரக் கார், பேட்டரி, காற்றாலை, சூரியத் தகடு. 2023இல் சீனாவில் அதிகம் விற்ற கார் பிராண்டு என்ற இடத்தை ஃபோக்ஸ்வேகனிடமிருந்து சீன நிறுவனமான பி.ஒய்.டி. பறித்துக்கொண்டது. சீனாவில் வீட்டு மனைத் தொழில் சரிந்த பிறகு முதலீடு ஆலைகளுக்குத் திரும்பியது. உள்ளூரில் விற்காதது வெளியே வருகிறது. அமெரிக்கா கதவை மூடினால் அந்தச் சரக்கு எங்கே போகும்? அமெரிக்காவும் சீனாவும் மோதிக்கொண்டால் ஐரோப்பாவுக்கு லாபம் என்பதே பலரின் எண்ணம். நடப்பதோ நேர்மாறு.

2024 அக்டோபரில் ஐரோப்பா சீன மின்சாரக் கார்களுக்குக் கூடுதல் வரி போட்டது. பைடன் அரசு அதே ஆண்டு ஒரே அடியாக 100 சதவீதம் போட்டிருந்தது. ஐரோப்பா ஒவ்வொரு நிறுவனமும் பெற்ற மானியத்தைக் கணக்கெடுத்து, பி.ஒய்.டி.க்கு 17, ஜீலிக்கு 18.8, சாயிக் நிறுவனத்துக்கு 35.3 சதவீதம் என்று விதித்தது. வழக்கமான 10 சதவீத வரி தனி. உலக வர்த்தக விதிகளை மதித்துச் செய்த வேலை இது. இதற்காக ஐரோப்பாவைப் பாராட்டவே தோன்றுகிறது.

ஆனால் அந்த வாக்கெடுப்பைப் பாருங்கள். ஆதரவு 10 நாடு, எதிர்ப்பு 5, வாக்களிக்காதவை 12. தன் கார் நிறுவனங்களுக்குச் சீனாவில் அடி விழும் என்று பயந்து ஜெர்மனி எதிர்த்தது. பி.ஒய்.டி. ஆலையும் சி.ஏ.டி.எல். பேட்டரி ஆலையும் வரவிருந்த ஹங்கேரி எதிர்த்தது. சீனா விசாரணை தொடங்கிய பொருள்களிலேயே வரைபடம் தெரியும்: பிராந்தி என்றால் பிரான்ஸ், பன்றி இறைச்சி என்றால் ஸ்பெயின். ஸ்பெயின் பிரதமர் சான்செஸ் வாக்கெடுப்புக்கு முந்தைய மாதம் சீனா போனார். அங்கேயே ஐரோப்பா மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார். வாக்கெடுப்பில் ஸ்பெயின் ஒதுங்கிக்கொண்டது. வரியை ஆதரித்த பிரான்சின் கான்யாக் என்ற பிராந்திக்கு 2025 ஜூலையில் சீனாவின் வரி வந்தது.

அப்படியும் வரி நிறைவேறியது எப்படி? இங்கேதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்ட அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். வர்த்தகம் ஆணையத்தின் கையில் இருக்கிறது. அதன் வரி முன்மொழிவைத் தடுக்க வேண்டுமானால், மக்கள்தொகையில் 65 சதவீதம் உள்ள 15 நாடுகள் எதிர்க்க வேண்டும். வெளியுறவுக் கொள்கை அப்படி இல்லை. ஒரே ஒரு நாடு தலையசைக்க மறுத்தாலும் எல்லாம் நின்றுவிடும். 2017இல் ஐ.நா. மனித உரிமை அவையில் சீனாவைப் பற்றிய ஐரோப்பிய அறிக்கையைக் கிரீஸ் தடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கிரீஸின் பிரேயஸ் துறைமுகத்தின் பெரும்பான்மைப் பங்கைச் சீனாவின் கப்பல் நிறுவனமான காஸ்கோ வாங்கியிருந்தது. 2021இல் ஹாங்காங் பற்றிய அறிக்கையை ஓர்பானின் ஹங்கேரி தடுத்தது. அதனால் ஐரோப்பா சீனாவிடம் வரியில் உறுதியாகவும் அரசியலில் தடுமாற்றமாகவும் தெரிகிறது. இரண்டு வேறு மனநிலைகள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது இரண்டு வேறு வாக்களிப்பு விதிகளாகத்தான் தெரிகிறது.

2025இல் நடந்த இரண்டு விஷயங்கள் இந்தப் படத்தை மேலும் இருட்டாக்கின. ஏப்ரலில் டிரம்பின் வரிக்குப் பதிலடியாகச் சீனா ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றது. குறி அமெரிக்கா. ஆனால் விதி எல்லா நாட்டுக்கும். உலகின் அரிய மண் சுத்திகரிப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் சீனாவிடம் இருக்கிறது. கார் மோட்டாரிலிருந்து காற்றாலை வரை, இந்தத் தனிமங்களால் செய்யும் காந்தங்கள் இல்லாமல் ஓடாது. உரிமம் வேண்டுமானால் எந்தப் பொருளில், யாருக்காகப் பயன்படுத்துகிறீர்கள் என்று விவரம் கொடுக்க வேண்டும். தொழில் ரகசியம் போகுமே என்று நிறுவனங்கள் தவித்தன. ஐரோப்பாவில் சில உதிரிபாக ஆலைகளின் உற்பத்தி வரிசைகள் நின்றன.

இன்னொன்று நெக்ஸ்பீரியா. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் தலைமையகம் உள்ள சிப் நிறுவனம் இது. சொந்தக்காரர் சீனாவின் விங்டெக். விலை சில காசுகளே ஆகும் எளிய சிப்கள்தான் செய்கிறது, ஆனால் அவை ஒவ்வொரு காரிலும் நூற்றுக்கணக்கில் இருக்கும். 2025 செப்டம்பர் 30 அன்று டச்சு அரசு 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைப் பயன்படுத்தி அதன் முடிவுகளைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய நாள்தான் அமெரிக்கா, விங்டெக் போலத் தன் தடைப்பட்டியலில் உள்ள நிறுவனத்துக்குப் பாதியோ அதற்கு மேலோ பங்கு உள்ள கிளைகளுக்கும் தடை பொருந்தும் என்று விதி போட்டிருந்தது. சில நாளில் சீனா பதிலடி கொடுத்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் செய்யும் சிலிக்கான் தட்டுகள் சீனாவின் டோங்குவானுக்குப் போய்த்தான் முழு சிப்பாக வெளியே வருகின்றன. அங்கிருந்து ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. கார் ஆலைகள் நின்றுவிடும் என்ற நிலை வந்தது. அடைப்பு எங்கே திறந்தது தெரியுமா? அக்டோபர் 30 அன்று தென்கொரியாவின் பூசானில் டிரம்பும் ஷியும் சந்தித்த பிறகு. அங்கே ஐரோப்பியர் ஒருவரும் இல்லை. ஐரோப்பிய மண்ணில் உள்ள நிறுவனம், ஐரோப்பிய கார் ஆலைகள், ஐரோப்பிய அரசின் உத்தரவு. தீர்வுக்கு வழி பிறந்தது வேறு இருவர் மேசையில். நவம்பர் 19 அன்று டச்சு அரசு தன் உத்தரவை நிறுத்திவைத்தது. இந்தச் சம்பவத்தைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

ஏனென்றால் ஐரோப்பாவிடம் துருப்புச் சீட்டு இல்லாமல் இல்லை. மிக நுண்ணிய சிப் செய்யும் ஈயுவி எந்திரத்தை உலகில் நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். மட்டுமே செய்கிறது. அமெரிக்கச் சந்தை சுருங்கும்போது 45 கோடிப் பேர் கொண்ட ஐரோப்பியச் சந்தை சீனாவுக்கு முன்னைவிட அதிகம் தேவை. ஆனால் அந்த எந்திரத்தைச் சீனாவுக்கு விற்கக் கூடாது என்ற முடிவுகூட 2019இல் அமெரிக்க அழுத்தத்தால் வந்தது. சீட்டு ஐரோப்பாவுடையது, இறக்கும் நேரத்தை வேறொருவர் சொல்கிறார். அதற்கு ஈடாகப் பீஜிங்கிடம் ஐரோப்பா கேட்டு வாங்கியது எதுவும் இல்லை. லித்துவேனியாவுக்காக இயற்றிய மிரட்டல் எதிர்ப்புச் சட்டமும் உறையிலேயே இருக்கிறது.

ஆக, உங்கள் கேள்விக்கு: ஐரோப்பா சீனா பக்கம் சாயாது, அமெரிக்காவை நம்பியும் இருக்காது. இரண்டுக்கும் வெளியே வேறு வாசல்களைத் தேடும். அந்தத் தேடல் தொடங்கிவிட்டது. தென் அமெரிக்காவின் மெர்கோசுர் நாடுகளோடு கால் நூற்றாண்டு இழுத்த ஒப்பந்தம் 2026 ஜனவரியில் கையெழுத்தானது. அதே மாதம் இந்தியாவோடு தடையற்ற வர்த்தகப் பேச்சும் முடிந்தது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பல ஆண்டு கேட்டுவந்தது இது. தலைவர்கள் பீஜிங்குக்குப் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். 2025 டிசம்பரில் மக்ரோன் போனார், மற்றவர்களும் போவார்கள். அந்தப் புகைப்படங்களை வைத்து உறவு மாறிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

மாறினால் எங்கே தெரியும் என்று கேட்டால், நான் இரண்டு இடத்தைப் பார்ப்பேன். ஒன்று, உக்ரைனில் போர்நிறுத்தம் வந்தால் ரஷ்ய ஆயுத ஆலைகளுக்குப் போகும் சீனப் பாகங்கள் குறைகின்றனவா என்பது. குறைந்தால் கிழக்கு ஐரோப்பிய நாடுகளின் எதிர்ப்பு தளரும், முதலீட்டு ஒப்பந்தத்தைக்கூடத் தூசு தட்டலாம். இன்னொன்று காந்தம். எஸ்டோனியாவில், ரஷ்ய எல்லையை ஒட்டிய நார்வா நகரில், 2025 செப்டம்பரில் ஒரு காந்த ஆலை திறந்தார்கள். ஐரோப்பாவின் தேவையோடு ஒப்பிட்டால் அதன் உற்பத்தி சிறிது. அதுபோல இன்னும் சில ஆலைகள் எழுந்து, சீனா உரிமத்தை நிறுத்தினாலும் கார் ஆலைகள் ஓடும் என்ற நிலை வந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் பீஜிங்கோடு பேசும் குரல் வேறாக இருக்கும். அதுவரை ஐரோப்பியத் தலைவர்கள் பீஜிங்கில் கேட்பதெல்லாம் காந்த உரிமத்தைக் கொஞ்சம் வேகமாகக் கொடுங்கள் என்பதாகத்தான் இருக்கும்.